"கன்சர்வேடிவ்னா என்ன மாமா?" – ஏழு நாள் பயணக் குறிப்பு

மே 6, 2024, திங்கள் – பாரிஸ்

அக்கா மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். போன மாதம் வந்த ஜாதகம் ஒன்றோடு பையனின் அம்மா வாட்ஸ்அப்பில் குரல் பதிவும் அனுப்பியிருந்தார். "நாங்க கொஞ்சம் கன்சர்வேடிவ் ஃபேமிலி. பொண்ணு அதுக்கேத்த மாதிரி அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்." பாரிஸில் நாலு வருடமாக வேலை பார்க்கும் பெண் அதைக் கேட்டுவிட்டு எனக்குப் போன் போட்டாள்.

"கன்சர்வேடிவ்னா என்ன மாமா?"

"அதான், பழமைவாதம்" என்றேன். முப்பது வருடம் மொழிபெயர்ப்பில் காலம் தள்ளியவன். அந்தச் சொல் நாக்கு நுனியிலேயே இருக்கும்.

"அப்படின்னா?"

அதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை. ஓய்வு பெற்ற காசில் ஈஃபில் கோபுரம் பார்க்கக் கிளம்பியவன், பயண நாட்களில் பாதியை இந்தச் சொல்லின் பின்னால் அலைவதற்கு ஒதுக்கியது இப்படித்தான்.

அலையவே வேண்டியிருக்கவில்லை. இன்று காலை ரொட்டிக்கு அவள் எடுத்து வைத்த பாதாமி ஜாம் பாட்டிலிலேயே எழுதியிருந்தது: 'சான் கொன்செர்வாதேர்'. நான் எழுத்துக் கூட்டிப் படித்து, "பழமைவாதி சேர்க்கப்படவில்லை" என்று மொழிபெயர்த்தேன். அவளுக்குக் காபி புரையேறிவிட்டது. பிரெஞ்சில் அது கெட்டுப்போகாமல் இருக்கப் போடும் மருந்துக்குப் பெயர். அருங்காட்சியகக் காப்பாளருக்கும் அதே சொல். எல்லாவற்றுக்கும் வேர் லத்தீனில் 'செர்வாரே', அதாவது காப்பது. இதில் பழசு எங்கே இருக்கிறது என்று ஜாம் தடவிக்கொண்டே யோசித்தேன்.

பிற்பகல் லக்சம்பர்க் பூங்கா. பச்சை இரும்பு நாற்காலிகள், காசு கிடையாது, எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் போட்டு உட்காரலாம். எதிரே இருக்கும் அரண்மனையில்தான் நெப்போலியன் காலத்துச் செனட் கூடியது. 1799 அரசியல் சட்டத்தில் அதற்குப் பெயரே 'கொன்செர்வாதேர்' செனட். சட்டத்தைக் காப்பது அதன் வேலை. நல்ல காவல்! 1804-இல் அவர்களே அவருக்குப் பேரரசர் பட்டம் கட்டினார்கள். 1814-இல் அவர் தோற்றதும் அவர்களே இறக்கியும் விட்டார்கள்.

இரவு லா ஷாப்பெல் பக்கம் யாழ்ப்பாணத்துக்காரர் கடையில் தோசை. "ஐயா, சம்பல் இன்னும் போடட்டோ?" என்று அந்தத் தம்பி மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் போடச் சொன்னேன். இரண்டு தோசை, ஒரு டீ, 13 யூரோ. ரூபாயில் கணக்குப் போடக்கூடாது என்று அக்கா மகள் முதல் நாளே சத்தியம் வாங்கியிருந்தாள்.

மே 7, செவ்வாய் – செயிண்ட் மாலோ

இரண்டரை மணி நேர ரயில். கடலோரக் கோட்டை ஊர். கருங்கல் மதில், கருங்கல் வீடு, புகைக்கூண்டு வரை கருங்கல். மதில் மேலேயே ஊரை ஒரு சுற்று நடந்து வரலாம். காற்று ஆளைத் தள்ளுகிறது. 'முந்நூறு வருஷமாக ஒரு கல் அசையவில்லை பார்' என்று பெருமூச்சு விட்டபடி நடந்தேன்.

விடுதிக்கார அம்மாளிடம் அதைச் சொல்லப்போக, அவர் சிரித்தார். 1944 ஆகஸ்டில் குண்டு வீச்சிலும் தீயிலும் மதிலுக்கு உள்ளே இருந்த ஊரில் கிட்டத்தட்ட எண்பது சதவீதம் போய்விட்டதாம். மதில் மட்டும் பெரும்பாலும் தப்பித்தது. நான் வாய் பிளந்து பார்த்த வீடுகளில் பெரும்பாலானவைக்குக் கிட்டத்தட்ட என் வயதுதான், போருக்குப் பிறகு பழைய சாயலிலேயே திரும்பக் கட்டியவை. கொஞ்சம் ஏமாந்தது போல இருந்தது. அப்புறம் ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்தேன், ஏமாற்றம் போய்விட்டது. எப்படியோ ஊர் இருக்கிறதே.

இரவுக்கு 'கலெத்'. மரக்கோதுமை மாவில் சுட்டது, நம்ம ஊர் கேழ்வரகு தோசைக்கு ஒன்றுவிட்ட தம்பி. நடுவில் முட்டை, சீஸ், பன்றி இறைச்சி. இறைச்சி வேண்டாம் என்றேன். "அப்படியென்றால் அது முழு கலெத் இல்லையே" என்று பரிமாறியவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். 11 யூரோவில் ஒரு சென்ட் குறைக்கவில்லை.

மே 8, புதன் – செயிண்ட் மாலோ, கிராண்ட் பே

இன்று பிரான்சில் விடுமுறை, இரண்டாம் உலகப் போர் வெற்றி நாள். கடைகள் பாதி மூடல், ஊரெல்லாம் கூட்டம். அமாவாசையும் சேர்ந்துகொண்டது. இந்தக் கடற்கரையில் ஏற்ற இறக்கம் 12 மீட்டருக்கு மேல் போகும், ஐரோப்பாவிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. காலையில் மதிலை அறைந்துகொண்டிருந்த கடல் நண்பகலில் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. விடுதிக்கார அம்மாள் ஓத அட்டவணையில் ஒரு நேரத்தைப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்து, அதன் மேல் இரண்டு தடவை தட்டினார். அந்தத் தட்டலின் பொருள் பிறகுதான் விளங்கியது.

கடல் விலகினால்தான் கிராண்ட் பே என்னும் தீவுப் பாறைக்கு நடந்து போக முடியும். பாசி பிடித்த கல் பாதை. அக்கா மகள் ஆடு மாதிரி தாவிப் போனாள், நான் நண்டு மாதிரி. உச்சியில், கடலைப் பார்த்தபடி ஒரு கல்லறை. தட்டையான கருங்கல், ஒரு கல் சிலுவை. பெயர் இல்லை, தேதி இல்லை. அருகே ஒரு பலகை மட்டும்: பெரிய பிரெஞ்சு எழுத்தாளர் ஒருவர் கடலையும் காற்றையும் மட்டும் கேட்டபடி இங்கே கிடக்க விரும்பினார், வழிப்போக்கரே, அவருடைய கடைசி ஆசையை மதியும் என்று. பக்கத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்த குடும்பத்தில் அப்பா அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். மூன்று பிள்ளைகளும் மெல்லுவதைக்கூட மெதுவாக்கிக்கொண்டார்கள்.

கிடப்பவர் ஷத்தோபிரியான். 1768-இல் இதே ஊரில் பிறந்தவர். அவர் பெயரில் ஒரு மாட்டிறைச்சிப் பதார்த்தம் உண்டு, இலக்கியம் படிக்காதவர்களுக்கும் அது தெரியும். இன்று நாம் பேசும் அரசியல் பொருளில் இந்தச் சொல்லைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்த முதல் ஆட்களில் இவரும் ஒருவர். புரட்சியில் அண்ணனைக் கில்லட்டினுக்குப் பறிகொடுத்து, லண்டனில் அகதியாக வறுமைப்பட்டு, மன்னராட்சி திரும்பிய பின் 1818 அக்டோபரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர் 'லெ கொன்செர்வாதேர்'. காப்பவன்.

முகப்பு வாசகம்: மன்னர், சாசனம், நேர்மையான மக்கள். சாசனம் என்பது 1814-இல் எழுதிய அரசியல் சட்டம். அதாவது பத்திரிகை தொடங்கும்போது அந்தப் 'பழமை'க்கு வயது நாலு! இன்னொரு வேடிக்கை, இவர் அச்சுச் சுதந்திரத்துக்காகச் சண்டை போட்டவர். தணிக்கையில் சிக்காமல் இருக்கத்தான் இந்தப் பத்திரிகை குறித்த நாளில் வராமல் முன்பின்னாக வந்தது. 1820-இல் தணிக்கை திரும்பியதும், அதற்குத் தலைவணங்க மனமில்லாமல் கடையை மூடிவிட்டார்.

"அப்ப இவரு ஃபேமிலி கன்சர்வேடிவா இல்லையா?" என்றாள் அக்கா மகள். பதில் யோசித்தபடி கல்லில் சாய்ந்து உட்கார்ந்தேன். காற்று சுகமாக இருந்தது. உட்கார்ந்துவிட்டேன், அதுதான் தப்பு.

இறங்கி வரும்போது பாதையின் நடுப்பகுதியைக் காணோம். தண்ணீர் சத்தமில்லாமல் இரண்டு பக்கமிருந்தும் வந்து கைகோத்துக்கொண்டிருந்தது. கரையில் ஒரு பெரியவர் இரண்டு கையையும் வீசி ஏதோ கத்தினார். மொழி தேவைப்படவில்லை. கணுக்கால், முழங்கால், பேன்ட் பை. அவள் முன்னால், அவள் பையைப் பிடித்துக்கொண்டு நான். கரை ஏறியதும் பெரியவர் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார், ஒரு வார்த்தை திட்டவில்லை, தன் கடிகாரத்தை மட்டும் தட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். இந்த ஊர்க்காரர்களுக்கு எதையாவது தட்டிக் காட்டினால் போதும் போல.

மாற்றுச் செருப்பு வாங்கக் கடை இல்லை. விடுதிக்கார அம்மாள் என் ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை தாளை மாற்றினார். என் அம்மா இதே வேலையை மழைக்காலத்தில் என் பள்ளிக்கூட ஷூவுக்குச் செய்வாள்.

மே 9, வியாழன் – கப்பலில்

அக்கா மகள் பாரிஸுக்குத் திரும்பிவிட்டாள். நான் போர்ட்ஸ்மவுத் கப்பலில், பகல் முழுக்க. வயிறு சரியில்லை. எதிர் இருக்கை மூதாட்டி கேட்காமலே ஒரு இஞ்சி பிஸ்கட்டை மேசை வழியாகத் தள்ளினார். வேறு விசேஷம் இல்லை.

மே 10, வெள்ளி – லண்டன்

வெயில். லண்டன்காரர்கள் புல்தரையில் அப்பளம் காய்வது போலக் காய்கிறார்கள்.

செயிண்ட் ஜேம்ஸ் தெருவில் கார்ல்டன் கிளப்பை வெளியிலிருந்து பார்த்தேன். 1832-இல் டோரிகள், அதாவது பின்னாளில் கன்சர்வேடிவ் என்று பெயர் மாறிய கட்சிக்காரர்கள், தேர்தல் சீர்திருத்தச் சண்டையில் தோற்றுப்போய்க் கூடிக்கொண்ட இடம். பழைய கட்டடம் பால் மால் தெருவில் இருந்தது, 1940-இல் குண்டு விழுந்தது. என் சட்டையைப் பார்த்ததும் உள்ளே விடமாட்டார்கள் என்று எனக்கே தெரியும். வாசல்காரர் அதைச் சொல்லாமல், "படம் எடுக்க எதிர் நடைபாதைதான் நல்லது ஐயா, வெளிச்சம் அங்கிருந்து சரியாக விழும்" என்றார். விரட்டுவதில் இப்படி ஒரு மரியாதை.

'டோரி' என்பது வசவு. அயர்லாந்து மொழியில் காட்டில் ஒளிந்து கொள்ளையடிப்பவனுக்குப் பெயர். எதிரிகள் 1680 வாக்கில் ஒட்டிவிட்டது. பதிலுக்கு இவர்கள் அவர்களை 'விக்' என்றார்கள், அதுவும் ஸ்காட்லாந்து நாட்டுப்புறத்து வசவு. நூற்றைம்பது வருடம் இரண்டு பக்கமும் வசவையே பட்டமாகச் சூடித் திரிந்தன. 1830 ஜனவரியில் 'குவார்ட்டர்லி ரிவ்யூ' இதழில் பெயர் போடாத ஒரு கட்டுரை, டோரி கட்சியைக் கன்சர்வேடிவ் கட்சி என்று சொல்வதே இன்னும் பொருத்தம் என்றது. கடல் கடந்து வந்த சொல் ஓரிரு வருடத்தில் ஒட்டிக்கொண்டது. கொள்ளைக்காரன் காவல்காரன் ஆன கதை என்று அக்கா மகளுக்கு அனுப்பினேன். சிரிக்கும் பொம்மை வந்தது.

நடந்த அலுப்பில் ஒன்பது மணிக்கே தூங்கிவிட்டேன்.

மே 11, சனி – பெக்கன்ஸ்ஃபீல்ட்

காலையில் விடுதிக்காரர் போனை நீட்டினார். நேற்றிரவு இங்கிலாந்து வானம் முழுக்க இளஞ்சிவப்பும் பச்சையுமாக வடதுருவ ஒளி. பல வருடத்துக்கு ஒரு முறை இவ்வளவு தெற்கே தெரிவது. தெருவே வெளியில் நின்று பார்த்ததாம். "உங்கள் கதவைத் தட்டலாமா என்று நினைத்தேன், தொந்தரவாக இருக்குமே என்று விட்டுவிட்டேன்." இவர்களுடைய மரியாதையில் தீ வைக்க.

மேரிலபோன் நிலையத்தில் 'பீக்கன்ஸ்ஃபீல்ட்' என்று கேட்டேன். சீட்டுக்காரர் "பெக்கன்ஸ்ஃபீல்ட்" என்று மெதுவாகத் திருத்தினார். ரயில் நிலையம் புது ஊரில், தேவாலயம் பழைய ஊரில், நடுவே ஒரு மைல் நடை. எட்மண்ட் பர்க்கின் ஊர் இது. 1797-இல் செத்து, இந்தத் தேவாலயத்தில்தான் புதைந்திருக்கிறார். பழமைவாதத்தின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் சொல்பவர். தமாஷ் என்னவென்றால், அவர் விக் கட்சிக்காரர். 'கன்சர்வேடிவ்' கட்சிப் பெயராகும் முன்பே கண் மூடியவர். செத்து முப்பது வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை, பிறகு தானே தேடிப்பிடித்த தந்தை.

உள்ளே ஒரு மூதாட்டி மட்டும் ஞாயிறு வழிபாட்டுக்குப் பூ அடுக்கிக்கொண்டிருந்தார். நினைவுக்கல் எங்கே என்று கேட்டேன். சாதாரணக் கல்தான். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். "சென்னைக்குத் தெற்கே, செங்கல்பட்டுப் பக்கம். எங்கள் ஊர் ஏரியைப் பற்றி இவர் பேசியிருக்கிறார்" என்றேன். கையில் பூவோடு அப்படியே நின்றுவிட்டார்.

பொய்யில்லை. ஆற்காட்டு நவாப் முகமது அலி, சென்னையில் இருந்த கம்பெனி உத்தியோகஸ்தர்களிடம் வட்டிக்கு வாங்கி வாங்கி மூழ்கினார். அடமானம் வைத்தது நம்மூர் நிலவரியை. அந்தக் கடன் மோசடியை எதிர்த்து 1785 பிப்ரவரி 28-ஆம் தேதி பர்க் நாடாளுமன்றத்தில் பேசினார். நீண்ட பேச்சு. நடுவில் திடீரென்று ஏரிகளுக்கு வருகிறார். செங்கல்பட்டு ஜாகிரின் (நவாப் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த சீமை) வரைபடத்தை விரித்து வைத்து, தானே உட்கார்ந்து எண்ணியதாகச் சொல்கிறார்: ஆயிரத்து நூறுக்கு மேல், இரண்டு மூன்று ஏக்கரிலிருந்து ஐந்து மைல் சுற்றளவு வரை. கர்நாடகத்திலும் (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல, ஆற்காட்டு நவாபின் சீமை) தஞ்சையிலும் சேர்த்துப் பெரியதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாது என்கிறார். இவற்றை வெட்டியவர்கள் இனி பிறக்கப்போகிறவர்களுக்காக உயில் எழுதி வைத்தவர்கள், கரை உடைந்து கிடப்பது கடன் கொடுத்தவர்களின் கைங்கரியம் என்பதுதான் அவருடைய வாதம். இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வராத மனிதர், எங்கள் ஏரிகளை விரல் வைத்து எண்ணியிருக்கிறார்! எங்கள் ஊர் ஏரியும் அந்த ஆயிரத்து நூறில் ஒன்றாக இருக்க வேண்டும். நான் சின்ன வயதில் எண்ணியதெல்லாம் அதன் கலங்கலில் ஏறிய விரால்களை.

அந்தக் கல்லின் முன்னால் நிற்கும்போதுதான் எனக்கு அந்தச் சொல் கிடைத்தது. மராமத்து. என் தாத்தா காலத்தில் ஆனி மாதம் ஊரில் தண்டோரா போடுவார்கள், குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஒரு ஆள். வண்டல் அள்ளி, கரை உயர்த்தி, மதகை அடைத்துத் திறந்து பார்த்து வைப்பார்கள். ஒரு வருடம் விட்டால் அடுத்த வருடம் இரட்டிப்பு வேலை. பர்க் 1790-இல் பிரெஞ்சுப் புரட்சியைத் திட்டி எழுதிய நூலிலும் இதையேதான் சொன்னார்: மாறிக்கொள்ள வழியில்லாத அரசுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளவும் வழியில்லை. நான் முப்பது வருடமாகப் 'பழமைவாதம்' என்று எழுதி அனுப்பியதில் வாதம் இருந்தது, பழமை இருந்தது, மண்வெட்டி இல்லை.

வாசலில் உட்கார்ந்து இதை அவளுக்குப் போனில் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மாமா, வீட்டுக்கு ஒரு ஆள்னா, எந்த வீடு? மண்ணு வெட்டினது யாரு?"

சேரி ஆட்கள். அவர்களில் பலருக்கு அந்த ஏரிப் பாசனத்தில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. இருந்த ஒன்றிரண்டு பேருக்கும் கடைமடை, தண்ணீர் கடைசியில். பர்க்கின் வரைபடத்தில் ஏரி இருந்தது, இது இல்லை. என் நினைவிலும் அவள் கேட்ட பிறகுதான் வந்தது.

மூதாட்டி எலுமிச்சைக் கேக் ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தார். உண்டியலில் இரண்டு பவுண்டு போட்டேன். எங்கள் பக்கத்து மதுராந்தகத்தில் 'ஏரி காத்த ராமர்' என்று ஒரு கோயில் இருக்கிறது, வெள்ளத்தில் கரை உடையாமல் ராமரும் லட்சுமணரும் வில்லோடு நின்று காவல் காத்ததை வெள்ளைக்காரக் கலெக்டர் பிளேஸ் பார்த்ததாக ஊரில் சொல்வார்கள், அதுவும் பர்க்கின் கடைசிக் காலத்தை ஒட்டித்தான் என்றேன். "காத்த" என்பதை அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

திரும்பும் வழியில் பெக்கன்ஸ்காட் பொம்மை ஊர். 1929-இல் திறந்தது. இடுப்புயர வீடு, கைக்கடக்கமான ரயில், விரலளவு கிரிக்கெட் ஆட்டக்காரர்கள். நடுவில் காலத்துக்கேற்ற கட்டடங்கள் சேர்த்துவந்தார்களாம், 1990-களின் தொடக்கத்தில் அதையெல்லாம் எடுத்துவிட்டு ஊரை 1930-களுக்கே திருப்பிவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எனக்கும்தான், பொய் சொல்வானேன். ஆனால் அந்த ஊரில் யாரும் குடியிருக்க வேண்டியதில்லை.

மே 12, ஞாயிறு – டாம்வொர்த்

ஞாயிற்றுக்கிழமை சின்ன ஊருக்குப் போகக்கூடாது என்று தெரிந்தும் போனேன். எல்லாம் மூடல். 1701-இல் கட்டிய குட்டி நகர மண்டபம், அதன் முன் ராபர்ட் பீல் சிலை, சிலையின் தலையில் ஒரு புறா.

1834 டிசம்பர் 18-ஆம் தேதியிட்டு, புதிதாகப் பிரதமரான பீல் இந்த ஊர் வாக்காளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். படித்தது லண்டன் முழுக்க. தான் எதிர்த்துத் தோற்ற 1832 சீர்திருத்தச் சட்டத்தை இனி முடிந்துபோன விஷயமாக ஏற்றுக்கொள்வதாகவும், நிரூபணமான கேடுகளைத் திருத்துவதாகவும் அதில் சொன்னார். கன்சர்வேடிவ் கட்சிக்கு அஸ்திவாரக் கல் அதுதான் என்பார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து அவரே தானியச் சட்டத்தை (வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்ட சட்டம்) ரத்து செய்து கட்சியை இரண்டாக உடைத்தார், அது வேறு கதை. அந்த ஊர்த் தொகுதியையே 2023 அக்டோபர் இடைத்தேர்தலில் லேபர் கட்சி பிடித்துவிட்டது.

பீலின் மாளிகை எங்கே என்று டாக்சிக்காரரிடம் கேட்டேன். "டிரேட்டன் மேனரா? அங்கே இப்போது ராட்டினம்தான். குழந்தைகள் இருக்கிறார்களா?" மாளிகையை எப்போதோ இடித்துவிட்டார்கள். மணிக்கூண்டு மட்டும் மிச்சம், சுற்றிலும் பொழுதுபோக்குப் பூங்கா. போகவில்லை.

பப்பில் ஞாயிறு சாப்பாடு, 16 பவுண்டு. யார்க்ஷயர் புட்டிங் என்பது உப்பிப்போன குழியப்பம், குழிக்குள் குழம்பு. நன்றாகவே இருந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கூரை போட்ட பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கியபோது போன்.

"மாமா, அந்தம்மாகிட்ட நேரடியா கேட்டுட்டேன், கன்சர்வேடிவ்னா நீங்க எதைக் காப்பாத்துறீங்கன்னு."

"கோவிச்சுக்கிட்டாங்களா?"

"இல்ல. லிஸ்ட் அனுப்பினாங்க. வெள்ளிக்கிழமை விளக்கேத்தணும். தாத்தா திதிக்கு எல்லாரும் ஊருக்கு வந்துடணும். ஆம்பளைங்க சாப்பிட்ட அப்புறம்தான் பொம்பளைங்க சாப்பிடணும்."

"நீ என்ன சொன்னே?"

"மொதல் ரெண்டு ஓகே, மூணாவதை மட்டும் மராமத்து பண்ணலாமான்னு கேட்டிருக்கேன். ரெண்டு நீல டிக் விழுந்திருச்சு மாமா. இன்னும் பதில் வரல."